கூறையின் நிறம்

போரால் மூடிக்கிடந்த கண்டி–யாழ்ப்பாணம் ஏ9 வீதி 2002இல் திறக்கப்பட்டதற்கு அடுத்த ஆண்டு, கனடாவிலிருந்து ஊர் பார்க்க வந்த மைத்துனர் ஒருவர் திரும்பிப் போகும்போது விட்டுச்சென்ற கையடக்கமான டிஜிற்றல் கமராதான் என்னை வன்னியில் விசுவமடுப் பக்கத்தில் ‘வீடியோக்காரர்’ ஆக்கியது. அதற்கு முன்னர் நான் ரேடியோ திருத்தும் கடையொன்றில் வேலை செய்துகொண்டிருந்தேன். ஒளிப்பதிவைப் பற்றி எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. கமராவோடு ஆங்கிலத்தில் ஒரு கையேடு இருந்தது. அதையும் நான் முழுதாக வாசிக்கவில்லை என்பதிலிருந்துதான் இங்கு எழுதவிருக்கும் சங்கதி தொடங்குகிறது.

அந்தக் கமராவில் முதலில் கண்ட கோளாறு துடிப்பு. பந்தலில் ரியூப் லைற் எரிந்தால் படம் முழுவதும் இமை கொட்டுவதுபோலத் துடித்தது. கமரா பழுதென்று நினைத்து இரண்டு தடவை கழற்றிக்கூடப் பார்த்தேன். காரணம் மின்சாரத்தில் இருந்தது. வட அமெரிக்காவில் மின்னோட்டம் விநாடிக்கு 60 சுற்று; அங்கு விற்கும் கமராவும் அதற்கேற்ப 1/60 விநாடிச் சட்டரோடு, அதாவது ஒவ்வொரு படத்துக்கும் அவ்வளவு நேரம் ஒளியை உள்ளே விடும் அமைப்போடு, வருகிறது. எங்களுடையது 50 சுற்று. ஆகவே எங்கள் ரியூப் லைற் விநாடிக்கு 100 தடவை கூடிக் குறைகிறது. இரண்டும் ஒத்துப்போகாததால்தான் அந்தத் துடிப்பு. சட்டரை நானே கையால் 1/100 இல் நிறுத்தியதும், ஒவ்வொரு படத்துக்குள்ளும் ஒளியின் ஒரு முழுத் துடிப்பு அடங்கி, பந்தல் அமைதியானது. ஆனால் அந்தக் காலத்தில் எங்களுக்கு மின்சாரம் தந்தது ஜெனரேற்றர். பெரும்பாலான சிறிய ஜெனரேற்றர்கள் நிமிடத்துக்கு 3000 தடவை சுழன்றால்தான் 50 சுற்று கிடைக்கும். மண்ணெண்ணெயில் இருமிக்கொண்டு ஓடும் இயந்திரத்தில் ஒலிபெருக்கியும் வீடியோ லைற்றும் ஒன்றாக ஏறினால் வேகம் இறங்கும். உடனே துடிப்பு திரும்பவும் தலைகாட்டும். ஜெனரேற்றரின் சத்தத்தைக் காதால் கேட்டே படத்தில் துடிப்பு வரப்போகிறதென்று சொல்லும் பழக்கம் எனக்கு அப்படித்தான் வந்தது.

எஃபெக்ற் பற்றி இப்போது பலரும் ஏளனமாகப் பேசுகிறார்கள். அன்று அதற்காகவே என்னைத் தேடி வந்தார்கள். மெனுவுக்குள் நெகட்டிவ், செப்பியா, சோலரைஸ், பாஸ்டல், மொசைக் என்று ஒரு பட்டியலும், டிரெயில், ஸ்லோ சட்டர், ஓல்ட் மூவி என்று இன்னொரு பட்டியலும் இருந்தன. “தம்பி, படம் மாதிரி எடுத்துத் தாரும்” என்று பெண்ணின் தகப்பன் கேட்டால் நான் அந்தப் பட்டியல்களுக்குள் இறங்கிவிடுவேன். சாமத்தியவீட்டில், பெரியபிள்ளையான சடங்கில், பிள்ளைக்கு ஆரத்தி எடுக்கும்போது டிரெயில் போட்டுச் சுடரை வாலோடு இழுத்துக் காட்டியதற்கு ஒரு வீட்டில் கூலிக்கு மேலால் ஒரு சாரமும் தந்தார்கள். இவற்றுள், ஒரு காட்சியை மெல்ல மங்கவைத்து அடுத்ததை மெல்லத் தெளியவைக்கும் ஃபேடர் ஒன்றை மட்டும் நான் இன்றும் விட்டுக்கொடுக்க மாட்டேன். கணினித் தொகுப்பு எட்டாத ஊரில், எடுத்த வரிசையே படத்தின் வரிசையாக இருந்தபோது, தாலிக்குப் பொன்னுருக்கலை முடித்து முகூர்த்த நாளுக்குப் போவதற்கு வேறு கதவு இருக்கவில்லை.

என்னைத் திருத்திய கலியாணமும் அதே 2003இல்தான் நடந்தது. முற்றத்தில் பந்தல், நடுவில் மணவறை, வேலிக்கு வெளியே ஜெனரேற்றர். கூறை என்னும் மணச்சேலை வைத்த கூறைத்தட்டத்தைச் சபையோரிடம் ஆசிக்குக் கொண்டு திரிந்தபோது வீடியோ லைற் எரிந்துகொண்டிருந்தது. பெண் கூறை மாற்றப் போன நேரத்தில், ஜெனரேற்றர் தாங்காதென்று அதன் சொந்தக்காரர் வந்து லைற்றை நிறுத்தச் சொன்னார். ரியூப் லைற் மட்டும் மிஞ்சியது. பெண் கூறையோடு படியிறங்கி வரும் காட்சிக்கு ஏதாவது விசேடமாகச் செய்ய வேண்டுமென்று நான் ஓல்ட் மூவியை அழுத்தினேன். படம் பழுப்பாகியது; மேலும் கீழும் கறுப்புப் பட்டி விழுந்தது. அத்தோடு, நான் கவனியாத ஒன்றும் நடந்தது: அந்த எஃபெக்ற்றைப் போட்டால் சட்டர் வேகத்தையும் கமராவே தெரிவுசெய்யும். என் 1/100 போய்விட்டது. பந்தல் துடிக்கத் தொடங்கியது. அதைப் பழைய படத்துக்கே உரிய மினுமினுப்பென்று எண்ணி மகிழ்ந்து, தாலிகட்டையும் மாலை மாற்றையும் தாண்டி, 60 நிமிடக் கசெற் முடியும்வரை அப்படியே விட்டுவிட்டேன். வீட்டுக்காரருக்கும் மிகவும் பிடித்திருந்தது. பிரதியொன்றைக் கனடாவுக்கும் அனுப்பினார்கள்.

சில மாதங்களுக்குப் பின்னர் மழைக்கு அடைபட்டுக் கிடந்த ஒரு நாளில்தான் கையேட்டை ஒழுங்காகப் படித்தேன். செப்பியா போன்ற எஃபெக்ற்றுகளைப் பதிவின்போதே போட வேண்டியதில்லை. கசெற்றை ஓடவிடும்போதும் போடலாம். கமராவிலிருந்து வயர் தொடுத்து விஎச்எஸ் கசெற்றுக்குப் பிரதியெடுத்தால் பிரதி மாத்திரம் பழுப்பாகும், மூலம் நிறத்தோடு இருக்கும் என்று எழுதியிருந்தது. மூலத்தில் ஏறிய பழுப்பையோ எதனாலும் கழற்ற முடியாது. இவ்வளவும் ஒரே பக்கத்தில், படம் போட்டு விளக்கப்பட்டிருந்தது. அந்தப் பக்கத்தை நான் எத்தனையோ தடவை புரட்டித் தாண்டியிருக்கிறேன்.

அதன் பிறகு எஃபெக்ற் மெனுவை மூடிவிட்டு, படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் எக்ஸ்போஷர் சில்லைப் பிடித்தேன். வெளிச்சத்தைத் தானே தீர்மானிக்கும் ‘ஓட்டோ’வில் விட்டால் கமரா எதைப் பார்த்தாலும் அதை நடுத்தரச் சாம்பல் வெளிச்சத்துக்குக் கொண்டுவரப் பார்க்கும். மாப்பிள்ளையின் பட்டு வேட்டியும் தலைப்பாகையும் படச் சட்டத்தை நிரப்பினால், ஒளி புகும் துவாரமான ஐரிஸ் ஒடுங்கி முகம் இருண்டுபோகும். பின்னால் இருட்டு வளவு வந்தால் ஐரிஸ் விரிந்து முகம் சுண்ணாம்பாகும். லைற் பிடிக்கும் பொடியன் கையை அசைக்க அசைக்கப் படம் மூச்சு வாங்கும். நான் செய்தது இவ்வளவுதான்: முகூர்த்தத்துக்கு முன் மணவறைக்குக் கிட்டப்போய், பெண்ணின் முகத்துக்கு வெளிச்சத்தைப் பொருத்தி, பூட்டிவிடுவேன், தாலி ஏறும்வரை தொடமாட்டேன். வேட்டியில் மடிப்புத் தெரிகிறதா என்று ஒரு கண் வைத்திருப்பேன். மடிப்பு மறைந்து வெறும் வெள்ளையாகிவிட்டால் அந்த இடத்தில் பின்னர் மீட்பதற்கு ஒன்றுமே இருக்காது. பின்னாளில் வாங்கிய பெரிய கமராவில் அந்த இடங்களுக்கு வரிக்குதிரைக் கோடு போட்டுக் காட்டும் சீப்ரா வசதி இருந்தது. ஆனால் மடிப்பைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது உதவிக்கு ஆள்தான்.

ஐரிஸ் முழுதாகத் திறந்தும் போதாவிட்டால் கமரா கெயினை, அதாவது மின்னணு முறையில் படத்தின் வெளிச்சத்தை, கூட்டும். 6 டெசிபெல் கூட்டுவது ஐரிஸை ஒரு படி திறப்பதற்குச் சமம் என்றாலும், 18 டெசிபெலுக்கு வந்ததும் முகத்தில் குருமணல் தூவியதுபோலாகிவிடும். இருட்டை இருட்டாக விடும் துணிவு எனக்கு முல்லைத்தீவு வற்றாப்பளை கண்ணகி அம்மன் கோயில் வைகாசிப் பொங்கலில்தான் வந்தது. கடல்நீரில் எரியும் விளக்குக்குப் பெயர்போன கோயில் அது. அங்கே போய் ஓட்டோவில் எடுத்தால் கமரா சனத்தின் இருட்டைப் பார்த்துக் கெயினை ஏற்றிவிடும், தீபமோ வெள்ளைப் பொட்டாக ஊதிப்போகும். சில்லைக் கீழே கீழே இறக்கினேன். சனம் நிழலானது, சுடருக்கு நுனியும் திரியும் வந்தன. அருகில் நின்ற வயதானவர் எல்சிடி திரையை எட்டிப் பார்த்து, “இப்பதான் விளக்கு மாதிரிக் கிடக்கு” என்றார். என் வேலைக்குக் கிடைத்த சான்றிதழ்களில் இதற்கு மேலானது ஒன்றில்லை.

2009இல், போரின் முடிவில், மூலக் கசெற்றுகள், கமரா, வீடு எதுவும் மிஞ்சவில்லை. நான் எடுத்தவற்றில் இன்று உலகில் இருப்பவை வெளிநாடுகளுக்குப் போன பிரதிகள் மாத்திரமே. சென்ற ஆண்டு ஒரு பிள்ளை தன் சின்னம்மாவோடு என்னைத் தேடி வந்தாள். அந்த 2003ஆம் ஆண்டுக் கலியாணத்தின் மகள். தாய் அந்த 2009இலேயே போய்விட்டார். கனடாவில் இருந்த பிரதியை உறவினர்கள் டிஸ்க்கில் மாற்றி அனுப்பியிருந்தார்கள். முதலாவது கசெற் மட்டும். அவளுக்குக் கலியாணம் நிச்சயமாகியிருந்தது. தாய் உடுத்த அதே நிறத்தில் கூறை எடுக்க வேண்டுமென்பது அவளுடைய ஆசை.

“மாமா, அம்மான்ர கூறை என்ன நிறம்? சின்னம்மா அரக்கு எண்டுறா, அப்பா கத்தரிப்பூ நிறம் எண்டுறார். வீடியோவில பார்த்தால் எல்லாம் மண் நிறமாக் கிடக்கு.”

எனக்கும் நினைவில்லை. நிறத்தைப் பார்ப்பதற்கென்றே கமராவோடு நின்றவன் நான். பழுப்பை அழுத்திய பின்னர் கண்ணாலும் நான் பழுப்பையே பார்த்திருக்கிறேன்.

டிஸ்க்கைப் பின்னோக்கி ஓடவிட்டோம். கூறைத்தட்டம் சபையில் வலம்வரும் காட்சி, எஃபெக்ற்றுக்கு முந்தியது, நிறத்தோடு இருந்தது. ஆனால் அது ஓட்டோவில் எடுத்த காட்சி. இருண்ட சனத்துக்காக ஐரிஸ் விரிந்திருக்க, கிட்டப் பிடித்த லைற்றில் தட்டத்தின் மேற்பக்கம் வெந்து வெளிறி, சேலை நெருப்புத் துண்டுபோலக் கிடந்தது. ஒவ்வொரு படமாக நகர்த்தினேன். தட்டத்தை ஒரு பெரியவர் தொட்டுக் கும்பிட்டபோது அவருடைய தோள் லைற்றை மறைத்தது. சேலையின் மடிப்பொன்றில், இரண்டு விரல் அகலத்துக்கு, நிழல் விழுந்த இடத்தில் நிறம் இருந்தது: கறுப்புக்குக் கிட்டப்போகும் அரக்கு. சின்னம்மா ஒன்றும் பேசவில்லை. தலையை மட்டும் ஆட்டினார்.

கிளிநொச்சியில் புடவைக்கடையில் காட்ட வேண்டுமென்று பிள்ளை கைபேசியால் தொலைக்காட்சித் திரையைப் படமெடுத்தாள். கைபேசியும் ஓட்டோதான், அறை இருட்டாக இருந்ததால் அந்த அரக்கைத் திரும்பவும் சிவப்பாக வெளுக்கச் செய்தது. திரையில் மடிப்பின் மேல் விரலை வைத்து, பக்கத்தில் தோன்றும் சூரியக் குறியைக் கீழே இழுக்கச் சொன்னேன். இழுத்தாள். “இன்னும் கொஞ்சம்” என்றேன்.