ஆக்டிவாவில் டாப் ஸ்பீடு கூட்டணுமா? முதலில் கிக் கவரைத் திறங்கள்

இது 110 சிசி கியர்லெஸ் வண்டிகளுக்கான பதிவு: கார்புரேட்டர் ஆக்டிவா, டியோ, பழைய ஜூபிடர். 2020 ஏப்ரலில் பிஎஸ்6 புகைக் கட்டுப்பாடு வந்தபின் எல்லாம் ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் ஆகிவிட்டது. அந்த வண்டிகளுக்கு ஜெட் (கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் சின்னத் துளை) சமாச்சாரம் பொருந்தாது, பெல்ட் சமாச்சாரம் அப்படியே பொருந்தும்.

சைலன்சர் வாங்கும் முன் ஒரு கணக்கு. காற்றின் தடையை வெல்லத் தேவைப்படும் பவர், வேகத்தின் மும்மடிப் பெருக்கமாக ஏறும். 80-லிருந்து 90 கி.மீ.க்குப் போக அந்தப் பவர் 42% கூட வேண்டும். திருப்பிச் சொன்னால், எஞ்சின் பவரை 5% கூட்டினால் 80 என்பது 81 சொச்சம் ஆகும், அவ்வளவுதான். காதைக் கிழிக்கும் சைலன்சர் போட்டவர்களுக்கு வேகம் கூடியதுபோல் தோன்றுவது பெரும்பாலும் சத்தத்தால்.

ஆனால் நாலைந்து வருடம் ஓடிய வண்டி, கம்பெனி கொடுத்த வேகத்தையே இழந்திருக்கும். அதை மீட்பதில்தான் உண்மையான லாபம் இருக்கிறது, செலவும் குறைவு. அதனால் அளப்பதிலிருந்து தொடங்குங்கள். மீட்டர் முள்ளை நம்ப வேண்டாம், அது எப்போதும் கொஞ்சம் கூட்டியே காட்டும். போனில் ஜிபிஎஸ் ஸ்பீடோமீட்டர் ஆப் போட்டு, ஆளில்லாத சமமான சாலையில் போகும்போதும் வரும்போதும் ஓட்டி, இரண்டின் சராசரியை எடுங்கள். ஒரு பக்கம் மட்டும் ஓட்டினால் காற்று ஏமாற்றிவிடும். அடுத்து, பிளக் வயரில் சுற்றிக் கட்டும் சின்ன டிஜிட்டல் டேக்கோமீட்டர் ஒன்று வாங்குங்கள். இந்த வண்டிகளில் கிராங்க் (பிஸ்டன் சுழற்றும் எஞ்சின் தண்டு) ஒரு சுற்று சுற்றினால் ஒரு ஸ்பார்க், எனவே மீட்டரை ஒரு சுற்றுக்கு ஒரு ஸ்பார்க் என்றே செட் செய்யணும். நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின்தானே என்று இரண்டு சுற்றுக்கு ஒன்று என வைத்தால் ஆர்பிஎம் இரண்டு மடங்காகக் காட்டும்.

ஆர்பிஎம் ஏன் முக்கியம்? இந்த எஞ்சின்கள் ஏறக்குறைய 8 குதிரைத்திறனை 7,500 ஆர்பிஎம்மில் தருகின்றன. வேரியேட்டர் என்பது கியருக்குப் பதிலாக இருக்கும் முன் புல்லி: உள்ளே இருக்கும் ரோலர்கள் வெளிப்பக்கம் நகர நகர, புல்லியின் முகங்கள் நெருங்கி, பெல்ட் விளிம்பை நோக்கி மேலே ஏறும். அதன் வேலையே, வேகம் ஏற ஏற எஞ்சினை அந்த இடத்துக்குப் பக்கத்தில் பிடித்து வைப்பதுதான். முழு ஆக்சிலரேட்டரில் 40-லிருந்து 70 கி.மீ.க்கு ஏறும்போது டேக்கோ 6,500 காட்டினால், ரோலர் கனம் கூடுதல்: பெல்ட் சீக்கிரமே மேலே ஏறிவிடுகிறது, எஞ்சினுக்கு மூச்சு வாங்குகிறது. 8,200 காட்டினால் ரோலர் இலகு, பெட்ரோல்தான் வீண். கனமான ரோலர் போட்டால் டாப் ஸ்பீடு வரும் என்று பலர் சொல்வார்கள். முன் புல்லியில் பெல்ட் விளிம்பைத் தொட்டபின் ரோலருக்கு வேலையே இல்லை. அதற்குமேல் வேகம் தருவது எஞ்சினின் பவர் மட்டும்தான்.

பெல்ட் விளிம்பைத் தொடுகிறதா என்பதைக் கண்ணால் பார்க்க வழி இருக்கிறது. பெல்ட்டை மூடியிருக்கும் கிக் கவரைக் கழற்றி, முன் புல்லியின் இரண்டு உள்முகங்களிலும் பெர்மனென்ட் மார்க்கரால் நடுவிலிருந்து விளிம்பு வரை கோடு போடுங்கள். மூடி, ஒரு முறை முழு வேகத்தில் ஓட்டி, திரும்பத் திறந்து பாருங்கள். பெல்ட் உரசிய உயரம் வரை மை அழிந்திருக்கும். விளிம்புக்குக் கீழே இரண்டு மூன்று மி.மீ. மை மிச்சமிருந்தால், உங்கள் டாப் ஸ்பீடு அங்கேதான் தேங்கியிருக்கிறது.

முதல் சந்தேகம் பெல்ட் மேல் இருக்கட்டும். வெர்னியரில் அகலத்தை அளந்து, சர்வீஸ் மேனுவல் சொல்லும் கடைசி அளவோடு ஒப்பிடுங்கள். புல்லி முகத்தின் சாய்வு சுமார் 14 டிகிரி என்று வைத்தால், பெல்ட் 1 மி.மீ. தேய்ந்தாலே முன் புல்லியில் 2 மி.மீ. உள்ளே இறங்கிவிடும். வெடிப்பு இல்லை, ஓடுகிறது என்று விட்டுவைத்த பெல்ட்தான் பல வண்டிகளில் வேகத்தைத் தின்கிறது. அடுத்தது ரோலர். உருண்டையாக இருக்க வேண்டியது ஒரு பக்கம் தட்டையாகியிருந்தால் பாதி வழியிலேயே நின்றுவிடும். ரோலர்களைப் பின்னாலிருந்து தாங்கும் ராம்ப் பிளேட்டின் பிளாஸ்டிக் ஸ்லைடு, பின் புல்லியில் கிரீஸ் வற்றி இறுகிய கைடு பின்கள், இவற்றையும் அதே நேரத்தில் பார்த்துவிடுங்கள்.

ரோலர் மாற்றுவதாக இருந்தால் விட்டமும் நீளமும் பழையதேதான், எடை மட்டும் மாறும். ஆறையும் நகைக்கடைத் தராசு போன்ற, 0.1 கிராம் காட்டும் தராசில் தனித்தனியாக நிறுத்துப் பாருங்கள். ஒரே செட்டிலேயே வித்தியாசம் இருக்கும். ஒன்றுக்கு அரை கிராமிலிருந்து ஒரு கிராம் வரைதான் ஒரு தடவைக்கு மாற்றணும். இடைப்பட்ட எடை வேண்டுமென்றால் மூன்று கனமானது, மூன்று இலகுவானது வாங்கி ஒன்றுவிட்டு ஒன்று வையுங்கள், சராசரி கிடைக்கும். பழைய ரோலர் எந்த முகம் எந்தப் பக்கம் இருந்தது என்று போட்டோ எடுத்துக்கொண்டு அதேபோல் வையுங்கள். திருப்பி வைத்தால் வெளி பிளாஸ்டிக் விளிம்பு சீக்கிரம் உடையும். மேனுவல் சொல்லாத இடத்தில் கிரீஸ் தடவாதீர்கள். அது சிதறிப் பெல்ட்டில் பட்டால் வழுக்கும்.

இனிமேல்தான் ஆபத்தான இடம். திரும்ப மாட்டும்போது பின் புல்லியை இரண்டு கையாலும் விரித்து, பெல்ட்டை அதன் அடி வரை உள்ளே தள்ளிவிட வேண்டும். அப்போதுதான் முன்பக்கம் பெல்ட் தளர்ந்து கிடக்கும். இதைச் செய்யாமல் முன் நட்டை இறுக்கினால் வெளிப் புல்லிக்கும் பாஸுக்கும் (புல்லியின் நடுவே இருக்கும் குழல்) நடுவே பெல்ட் மாட்டிக்கொள்ளும். நட்டு இறுகிவிட்டதுபோல் கையில் தெரியும், ஆனால் அது பெல்ட்டின் மேல்தான் இறுகியிருக்கிறது. பத்து கிலோமீட்டருக்குள் நட்டு தளர்ந்து, கிராங்க்கின் ஸ்ப்ளைன் பற்களை வெளிப் புல்லி அரைத்துவிடும். பிறகு கிராங்க்கையே மாற்ற வேண்டியதுதான், அதாவது எஞ்சினை முழுதாகப் பிரிக்கும் வேலை. எனவே நட்டு போடும் முன் ஸ்ப்ளைன் நுனி வெளிப் புல்லியின் பற்களுக்குள் இறங்கியிருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். கழற்ற இம்பேக்ட் கன் சரி. இறுக்க, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச்தான், மேனுவல் அளவுக்கு. புல்லி சுற்றாமலிருக்க ஃபேன் இறக்கைகளுக்குள் ஸ்க்ரூடிரைவர் செருகுவது நம் ஊர் வழக்கம், இறக்கைதான் உடையும். ஹோல்டர் வாங்குங்கள். பெல்ட்டில் அம்புக்குறி இருந்தால் அது சுற்றும் திசையைப் பார்க்க வேண்டும். கடைசியாக சென்டர் ஸ்டாண்டில் போட்டு மெதுவாகச் சுற்றவிட்டால் பெல்ட் தானாக இடம் பிடித்துக்கொள்ளும்.

பின் புல்லியை அழுத்திப் பிடிக்கும் கான்ட்ரா ஸ்பிரிங்கில் இறுக்கமானது விற்கிறார்கள். பிக்கப் உயிர்ப்பாகத் தெரியும், ஆனால் பெல்ட் சூடேறும், சில வண்டிகளில் பெல்ட் விளிம்பு வரை போகவே விடாது. கிளட்ச் ஸ்பிரிங் புறப்படும் நேரத்தை மட்டும் மாற்றும், டாப் ஸ்பீடுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

டயர் பற்றி ஒரு வரி: ஆக்டிவாவின் 90/100-10-க்குப் பதில் 100/90-10 போட்டால் விட்டம் 434 மி.மீ.தான், இரண்டுக்கும் ஒன்றே. கியர் விகிதம் மாறாது, அகலம் மட்டும் கூடும். காற்றழுத்தம், ஒட்டிக்கொண்டு சுற்றும் டிரம் பிரேக், வீல் பேரிங் ஆகியவற்றைச் சரிபார்ப்பது இதைவிடப் பலன் தரும்.

எஞ்சின் பக்கம், முதலில் டேப்பெட் இடைவெளி, அதாவது வால்வுக்கும் அதைத் தள்ளும் கைக்கும் நடுவே உள்ள இடைவெளி. எஞ்சின் முழுதாக ஆறியபின் ஃபீலர் கேஜில் பாருங்கள், இறுக்கமாக இருந்தால் கம்ப்ரெஷன் கசியும். எண்ணெய் தோய்ந்த பேப்பர் ஃபில்டரைக் கழுவவோ கம்ப்ரஸரில் ஊதவோ கூடாது, மாற்றத்தான் வேண்டும். ஃபில்டரையே எடுத்துவிட்டு ஓட்டினால் காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் இல்லாமல் கலவை மெலிந்து, மணல் சிலிண்டரைத் தின்னும். இப்போது பங்க்கில் வரும் 20% எத்தனால் கலந்த பெட்ரோலுக்குச் சுத்தப் பெட்ரோலைவிட ஏறக்குறைய 8% கூடுதல் எரிபொருள் தேவை. கெய்ஹின் கம்பெனி கார்புரேட்டரின் மெயின் ஜெட் எண் துளையின் விட்டத்தைக் குறிக்கும். 75 என்றால் 0.75 மி.மீ. துளையின் பரப்பு 8% கூட வேண்டுமென்றால் 78 போதும். ஆனால் பிளக்கைப் பார்க்காமல் ஜெட் மாற்ற வேண்டாம். பகலில், காலியான சாலையில் முழு ஆக்சிலரேட்டரில் கொஞ்ச தூரம் ஓட்டி, சாவியை ஆஃப் வரை மட்டும் திருப்பி அப்படியே உருண்டு நின்று பிளக்கைக் கழற்றுங்கள். பீங்கான் வெள்ளை வெளேர் என்றால் மெலிந்த கலவை, கரி படிந்தால் பெட்ரோல் கூடுதல், அடியில் இளம் பழுப்பு வளையம் தெரிந்தால் சரி.

போர் கிட் (பெரிய பிஸ்டன், சிலிண்டர் செட்) கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. 50 மி.மீ. போர் (சிலிண்டரின் விட்டம்), 55.6 மி.மீ. ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்) என்றால் 109 சிசி. அதில் 54 மி.மீ. பிஸ்டன் போட்டால் 127 சிசி. ஹெட்டை மாற்றாமல் விட்டால், 9.5 ஆக இருந்த கம்ப்ரெஷன் விகிதம் கிட்டத்தட்ட 10.9 ஆகிவிடும். ஃபேன் காற்றில் மட்டும் ஆறும் எஞ்சின் நம் மே மாத வெயிலில் டிராஃபிக்கில் நின்றால், சாதாரண பெட்ரோலில் கலவை தானாக வெடித்துத் தட்டத் தொடங்கும், பிஸ்டன் முகடு ஓட்டையாகும். பிஸ்டன் முகட்டைத் தாழ்த்தியோ ஹெட்டின் குழியைப் பெரிதாக்கியோ விகிதத்தை இறக்காமல் இந்த வேலையில் இறங்காதீர்கள். சட்டமும் குறுக்கே நிற்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52 அனுமதியில்லாத மாற்றத்தைத் தடுக்கிறது. 2019 திருத்தத்தில் வந்த 182ஏ-இன்படி, உரிமையாளருக்கு மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ. விபத்தானால் இன்ஷூரன்ஸ்காரர் கேட்கும் முதல் கேள்வியும் அதுதான்.

90-ல் போகும் வண்டியை நிறுத்த, 80-ல் போகும் வண்டியைவிட 27% கூடுதல் ஆற்றலை பிரேக் விழுங்க வேண்டும். ஆக்டிவாவில் அந்த வேலையைச் செய்வது 130 மி.மீ. டிரம். பெல்ட்டும் ரோலரும் வாங்கும் அன்றே பிரேக் ஷூவும் வாங்கிவிடுங்கள். 200 கி.மீ. ஓடியபின் கிக் கவரைத் திரும்பத் திறந்து முன் நட்டை டார்க் ரெஞ்சில் ஒருமுறை சரிபாருங்கள். கறுப்புத் தூள் நிறையக் கிடந்தால் பெல்ட் வழுக்குகிறது என்று பொருள். புல்லி முகத்தில் கிரீஸோ ஆயிலோ இருக்கிறதா என்று அங்கிருந்தே தேடத் தொடங்குங்கள்.