வெறும் ரியூப்போடு வருகிறவர்கள்

வன்னியில் ஒரு மருந்துக்கடை மேசைக்குப் பின்னால் நிற்பவருக்கு நன்கு பழகிப்போன பொருள், அடிவரை மடித்துப் பிதுக்கிய ஒரு வெறும் ரியூப். வைத்தியர் எழுதிய துண்டு இருக்காது. "அண்ணை, இதே மாதிரி ஒண்டு தாங்கோ" என்பதோடு வேலை முடிந்துவிடும் என்றுதான் வருபவர் நினைப்பார். எழுத்து அழிந்த ரியூப்பை வெளிச்சத்தில் பிடித்து வாசித்தால் குளோபெற்றசோல் அல்லது பீற்றாமெதசோன் என்றிருக்கும், இரண்டுமே தோலின் அழற்சியை அடக்கும் வலுவான ஸ்டீரொயிட் மருந்துகள். பல வேளைகளில் அதோடு ஒரு பங்கசு (பூஞ்சை) மருந்தும் ஓர் அன்டிபயோற்றிக்கும் சேர்ந்திருக்கும். மூன்றையும் ஒன்றாய்க் கலந்த இந்தக் கிறீம்கள்தான் எங்களுக்குப் பெரிய தலையிடி.

வயல்வேலை, வியர்வை, காயாத சாரம், வெக்கை எல்லாம் சேர்ந்தால் இடுப்பிலும் தொடையிடுக்கிலும் படர்தாமரை என்ற பங்கசுத் தொற்று வரும். அதில் ஸ்டீரொயிட் பூசியதும் இரத்தக் குழாய்கள் சுருங்கும், சிவப்பு அடங்கும், ஓரிரு நாளில் கடியும் (அரிப்பும்) குறையும். ஆனால் பங்கசை எதிர்க்கும் தோலின் வேலையையும் அதே மருந்து அடக்கிவிடுகிறது. பூசுவதை நிறுத்தினால் கடி முன்னரைவிட மோசமாகத் திரும்பும், ஆள் மறுபடி பூசுவார். நாளடைவில் வட்டத்தின் செதில் ஓரம் கலைந்து, படர்தாமரை என்றே அடையாளம் தெரியாமல் போய்விடும். வைத்தியர்கூடத் தோலைச் சுரண்டிப் பரிசோதிக்க வேண்டிவரும். கலவையிலுள்ள பங்கசு மருந்து பார்த்துக்கொள்ளும் என்று நம்ப முடியாது. படர்தாமரைக்குத் தனிப் பங்கசுக் கிறீமே போதும். ஓரத்துக்கு வெளியே இரண்டு சென்ரிமீற்றர் வரை பூச வேண்டும். குளொட்றிமசோல் என்றால் தோல் தெளிந்த பிறகும் இரண்டு கிழமை விடாமல் பூச வேண்டும். வீட்டில் வேறு யாருக்கும் இருந்தால் அவர்களும் சேர்ந்து பூசாவிட்டால் பயனில்லை.

அதனால் மருந்தின் பெயரைவிட முதலில் கேட்க வேண்டியது இடத்தை. சனம் அதைச் சொல்லக் கூச்சப்படும். பின்னால் வரிசை நிற்கும்போது "கீழ்ப்பக்கம்" என்று மெல்லச் சொல்வார்கள், அல்லது கையைக் காட்டிவிடுவார்கள். ஓரமாகக் கூப்பிட்டுக் கேட்பது மரியாதைக்காக மட்டுமல்ல, மருந்தின் கணக்கே அங்கேதான் மாறுகிறது. 1967இல் வெளியான ஓர் அளவீட்டில், முன்கையோடு ஒப்பிட ஹைட்ரோகோட்டிசோன் என்ற ஸ்டீரொயிட் நெற்றியில் 6 மடங்கும் விதைப்பையில் 42 மடங்கும் உள்ளே ஊறியது. உள்ளங்காலில் ஏழில் ஒரு பங்குதான். தடித்து வெடித்த குதிக்காலுக்குப் பொருந்தும் கிறீம் தொடையிடுக்கில் தோலை மெலியவைத்து, ஆறாத வரித் தழும்புகளை விடுவது இதனால்தான். முகத்துக்கும் இடுக்குகளுக்கும் 1% ஹைட்ரோகோட்டிசோன் போன்ற மென்மையானதே, அதுவும் சில நாட்களுக்கு மட்டும். குழந்தையின் பம்பஸுக்குள் பூசினால் மூடிக் கட்டியதுபோல் ஆகிவிடும், மருந்து கூட ஊறும். கண்ணிமையில் நீண்டகாலம் பூசினால் கண்ணழுத்தம் வரலாம். 0.05% குளோபெற்றசோல் வைத்தியர் எழுதினாலன்றி வேண்டாம். பெரியவர்களுக்கே தொடர்ந்து இரண்டு கிழமை, கிழமைக்கு 50 கிராம் என்பது அதன் எல்லை.

அளவு சொல்லும்போது "கொஞ்சமாப் பூசுங்கோ" என்பது எதையும் சொல்லாத பேச்சு. பெரியவர் ஒருவரின் சுட்டுவிரலில், நுனியிலிருந்து முதல் மடிப்புவரை பிதுக்கினால் ஏறக்குறைய அரைக் கிராம். விரல்களோடு சேர்த்து இரண்டு உள்ளங்கை அகலமான தோலுக்கு அது காணும். ஒரு கைக்கு மணிக்கட்டுவரை, இருபுறமும், ஒரு விரல்நுனி அளவு. ஒரு முழுக்காலுக்குப் பாதத்தோடு எட்டு, அதாவது நாலு கிராம். கால் முழுக்க எக்சிமா (தோல் காய்ந்து, சிவந்து, கடிக்கும் அழற்சி) உள்ளவருக்கு 15 கிராம் ரியூப் ஒன்றைக் கொடுத்து ஒரு மாதம் பூசச் சொன்னால் அது நாலு நாள்கூட வராது. அவர் பொட்டுப் பொட்டாய்ப் பூசிவிட்டு "மருந்து பிடிக்கேல்லை" என்று வந்து நிற்பார்.

ஸ்டீரொயிட் என்றாலே வரும் பயம் வேறொரு தொல்லை. எக்சிமா உள்ள பிள்ளைக்கு வைத்தியர் எழுதிய கிறீமை, ஸ்டீரொயிட் என்று கேள்விப்பட்டதும் தாய் பாதியில் விட்டுவிடுவா. பிள்ளை இரவிரவாய்ச் சொறிந்து புண்ணாக்கும், பிறகு கிருமி பிடிக்கும். எங்களைக் கேட்டால், சரியான பலத்தில், நாளுக்கு ஒருமுறை, சிவப்பும் தடிப்பும் அடங்கும்வரை பூசி நிறுத்துவது, மாதக்கணக்கில் அரைகுறையாய்த் தடவுவதைவிடப் பாதுகாப்பானது. வசிலின் போன்ற ஈரப்பூச்சை மருந்து நிறுத்திய பின்னும் விடக்கூடாது. இரண்டுக்கும் நடுவே இருபது முப்பது நிமிட இடைவெளி வேண்டும். காய்ந்து வெடித்த தோலுக்கு ஓயின்மென்ட், நீர் கசியும் தோலுக்குக் கிறீம். பெட்டியில் நிறுத்த வேண்டிய திகதியைப் பேனையால் எழுதிக் கொடுப்பது ஒரு நிமிட வேலை. வாயால் சொன்னது வீடு போய்ச் சேருவதற்குள் மறந்துபோகும்.

பாத்தீனியம் பிடுங்குபவர்களுக்கு முகம், கழுத்து, முழங்கைக்குக் கீழே வரும் சொறி வேறு வகை. செடியைத் தொடுவது நிற்காமல் எந்தக் கிறீமாலும் அது நிற்காது. நீளக்கை உடுப்பும் கையுறையும்தான் அங்கே முதல் மருந்து.

முகம் வெளுக்க என்று, பெயர் எழுதாத டப்பாவில் விற்கப்படும் கிறீம்களிலும் வலுவான ஸ்டீரொயிட் கலந்திருப்பதுண்டு. முதலில் முகம் பளிச்சென்றிருக்கும், பிறகு பரு, சிவந்த இரத்தக் குழாய்க் கோடுகள், பூசுவதை விட்டால் எரிச்சல். மாதக்கணக்காய்ப் பூசியவர் திடீரென்று நிறுத்தாமல் தோல் கிளினிக்குக்குப் போவது நல்லது. டப்பாவையும் கொண்டுபோக வேண்டும்.

வெளிறிய தேமல் என்று காட்டினால், தொடுகையும் சூடும் அதில் தெரிகிறதா என்று கேட்காமல் எதையும் எடுத்துக் கொடுப்பதில்லை. மரத்திருந்தால் அது தொழுநோயாக இருக்கலாம். அதற்கான மாத்திரைகள் அரச ஆஸ்பத்திரியில் இலவசம். நோவில்லாமல், அரிப்பில்லாமல், கிழமைக்கணக்காய் ஆறாத பருவோ புண்ணோ என்றால் மணல் ஈ கடித்துப் பரப்பும் லீஷ்மனியாசிஸாக இருக்கலாம். 2008 முதல் இலங்கையில் அது சுகாதார அதிகாரிகளுக்கு அறிவிக்கப்பட வேண்டிய நோய். இரண்டிலும் ஸ்டீரொயிட் பூசினால் அடையாளம் மங்கும், கண்டுபிடிப்பது தள்ளிப்போகும். அப்படியானவருக்கு ரியூப் விற்பதில்லை, கிளினிக் நாளை எழுதிக் கொடுத்து அனுப்புகிறோம்.