பேயை விரட்ட வழி உண்டா? பதின்வயதினருக்குத் திகில் நாவல் தேர்வு

எட்டாவது, ஒன்பதாவது படிக்கிற பிள்ளை "பயமா இருக்கிற மாதிரி ஒரு புத்தகம் சொல்லுங்க" என்று கேட்டால், பலரும் வயதை மட்டும் பார்த்து எதையாவது எடுத்துக் கொடுத்துவிடுகிறார்கள். அதற்கு முன் பார்க்க வேண்டியது வேறு. கதையில் வரும் பேயை எதைக் கொண்டு விரட்டலாம் என்பது வாசிப்பவருக்குத் தெரியுமா? தெரிந்தால் பயத்தோடு விளையாட்டும் சேர்ந்துகொள்ளும், பக்கங்கள் ஓடும். தெரியாவிட்டால் புத்தகத்தை மூடிய பிறகும் பயம் விடாது. புதிதாக வருகிறவர்களுக்கு முதல் வகைதான் சரி.

அந்த வகையில் என் முதல் சிபாரிசு ஜோனதன் ஸ்ட்ரவுடின் 'லாக்வுட் அண்ட் கோ'. 2013இல் 'தி ஸ்க்ரீமிங் ஸ்டேர்கேஸ்' என்று தொடங்கி 2017இல் ஐந்தாவது நூலோடு முடிந்துவிட்ட வரிசை. இதில் வரும் லண்டனில் பேய்த்தொல்லை பல பத்தாண்டுகளாக நடக்கிறது. ஆனால் பேயைத் தெளிவாகப் பார்க்கவும் கேட்கவும் சிறுவர்களால்தான் முடியும். அதனால் இரவில் வாளோடு வேலைக்குப் போகிறவர்களும் அவர்களே. இரும்பு, உப்பு, வெள்ளி, ஓடும் தண்ணீர் எல்லாம் பேய்க்கு ஆகாது. ஒவ்வொரு பேயும் எலும்பு, நகை என்று ஏதோ ஒரு பொருளைப் பற்றிக்கொண்டிருக்கும். அதைத் தேடிப் பிடித்து வெள்ளியால் மூடினால் அடங்கும். பின்பக்கத்தில் அருஞ்சொல் விளக்கம் இருக்கிறது, அதை முதலிலேயே ஒருமுறை புரட்டச் சொல்லுங்கள். வரிசை மாற்றிப் படிக்கக் கூடாது: முதல் நூலின் கடைசியில் வரும் திருப்பத்தின் மீதுதான் இரண்டாவது நிற்கிறது. 2023இல் நெட்ஃபிளிக்ஸில் வந்த தொடர் முதல் இரண்டு நூல்களோடு நின்றுவிட்டது. அதைப் பார்த்தவர்கள் மூன்றாவதிலிருந்து ஆரம்பிக்க ஆசைப்படுவார்கள். அதற்கு விடாதீர்கள், கதையை நமக்குச் சொல்கிற லூசி என்ற பெண்ணின் குறும்பான கதைசொல்லல் புத்தகத்தில்தான் முழுசாகக் கிடைக்கும்.

ஆங்கிலம் இன்னும் எளிதாக வேண்டுமென்றால் ஜோசப் டிலேனியின் 'தி ஸ்பூக்ஸ் அப்ரென்டிஸ்' (2004). ஏழாவது மகனுக்குப் பிறந்த ஏழாவது மகன் டாம், பேயோட்டுபவரிடம் தொழில் பழகப் போகிறான். உப்பும் இரும்புத்தூளும் இங்கேயும் உண்டு. வாக்கியங்கள் சின்னவை, ஆனால் சூனியக்காரிகள் ரத்தமும் எலும்பும் தேடுகிறவர்கள். பன்னிரண்டு வயதுக்குக் கீழே வேண்டாம். அமெரிக்கப் பதிப்புக்குத் தலைப்பே வேறு: 'தி லாஸ்ட் அப்ரென்டிஸ்: ரிவெஞ்ச் ஆஃப் தி விட்ச்'. இது தெரியாமல் ஒரே கதையைப் புதுசு என்று இரண்டு தடவை வாங்குகிறவர்கள் உண்டு. மொத்தம் 13 நூல்கள். போகப்போக ஊர்ப்புறத் தொழில் பின்னுக்குப் போய்ச் சாத்தானோடு போர் என்று விரிந்துவிடுகிறது. எனக்குக் கேட்டால் முதல் மூன்று போதும். பெட்டியோடு மொத்தமாக வாங்காதீர்கள்.

மாயமும் திகிலும் சரிபாதியாக வேண்டுகிறவர்களுக்கு கார்த் நிக்ஸின் 'சேப்ரியல்' (1995). இறந்தவர்களை அடக்க ஏழு மணிகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர், ஒரு வேலை. கடைசி மணியை அடித்தால் கேட்டவர்களோடு அடித்தவரும் மரணத்துக்குள் போய்விடுவார். மரணம் என்பதே ஒன்பது வாசல் கொண்ட ஓர் ஆறு. ஆனால் இரண்டு நாடுகள், நடுவே ஒரு மதில், விளக்கம் இல்லாமல் வந்து விழும் மந்திரப் பெயர்கள் என்று ஆரம்பம் மூச்சுமுட்டும். பாதிப் பேர் அங்கேதான் கைவிடுகிறார்கள். புரியாத பெயர்களைத் தாண்டிப் போகலாம் என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள். மோகெட் என்கிற வெள்ளைப் பூனை வந்த பிறகு கதை தானாக இழுத்துக்கொண்டு போகும்.

உர்சுலா லெ குவினின் 'எர்த்ஸீ'யைப் பரிந்துரைப்பவர்கள் பெரும்பாலும் முதல் நூலைத்தான் நீட்டுகிறார்கள். அது பழங்கதை சொல்வதுபோல உரையாடல் குறைவாக நகரும். திகில் தேடி வரும் பிள்ளைக்கு இரண்டாவதான 'தி டூம்ஸ் ஆஃப் அடுவான்' பொருத்தம், அதைத் தனியாகவே படிக்கலாம். வெளிச்சமே கூடாத நிலவறையில் ஒரு சிறுமி பூசாரி, சுவரைத் தடவித் திருப்பங்களை எண்ணியே வழியைப் பழகுகிறாள். அந்தப் பக்கங்களை விளக்கு இல்லாத இருட்டை அறிந்த யாரும் லேசில் மறக்க மாட்டார்கள்.

இவையெல்லாம் பழகியவர்களுக்கு, பதினைந்துக்கு மேல், சூசன் ஹில்லின் 'தி உமன் இன் பிளாக்' (1983). சதுப்பு நிலத்தில் ஒரு வீடு, கடல்நீர் வற்றும்போது மட்டும் தெரியும் பாதை, இளம் வழக்கறிஞர் ஒருவர். மெலிந்த புத்தகம்தான், இரண்டு அமர்வில் முடியும். தொடக்கம் வேண்டுமென்றே மெதுவாக நகரும். இங்கே உப்பும் இல்லை, இரும்பும் இல்லை. குழந்தைச் சாவு கதையின் மையத்தில் இருக்கிறது, முடிவு சமாதானம் எதுவும் சொல்லாது. இதைக் கொடுக்கும் முன் சொல்லிவிட வேண்டும்.

பேட்ரிக் நெஸ்ஸின் 'எ மான்ஸ்டர் கால்ஸ்' (2011) அட்டையைப் பார்த்தால் பேய்க்கதை மாதிரி இருக்கும். உள்ளே தாயின் புற்றுநோய். வீட்டில் அப்படி ஒரு நோயாளி இருக்கும்போது கேட்காமல் கொடுக்காதீர்கள். வாங்கினால் ஜிம் கேயின் ஓவியங்கள் உள்ள பதிப்பாகப் பார்த்து வாங்குங்கள். படம் இல்லாத பதிப்பில் பாதிதான் கிடைக்கும்.

இலவசமாகக் கிடைக்கிறதே என்று ஹென்றி ஜேம்ஸின் 'தி டர்ன் ஆஃப் தி ஸ்க்ரூ'வை (1898) தொடக்கத்தில் நீட்டுவது வீண். அதில் பேய் உண்மையா என்பதே தெளிவில்லை, வாக்கியங்களோ அரைப்பக்கம் நீளும். சூசன் ஹில்லைப் படித்துவிட்டு "இன்னும்" என்று கேட்கிற பதினேழு வயதுக்காரருக்கு எடுத்துவைக்கலாம்.