தங்குதன் சுவரில் தங்கும் திரித்தியம்: அந்த வினாவை எப்படி எழுதுவது?

பெறுபேறு வெளியாகிவிட்டது, இணைவு உலைப் பொருட்கள் பாடத்தில் எதிர்பார்த்ததைவிட நல்ல சித்தி கிடைத்திருக்கிறது. மட்டக்களப்பிலும் அக்கரைப்பற்றிலும் இருந்து அடுத்த முறை தோற்றவிருக்கும் தம்பி தங்கையர் சிலர் கேட்டதால் இதை எழுதுகிறேன். வினாத்தாளின் அமைப்பை அறிவீர்கள் என்பதால் நேரே, அணுக்கரு இணைவு உலையின் தங்குதன் (டங்ஸ்டன்) சுவரில் எரிபொருளான ஐதரசன் சமதானிகள் (தியூத்தேரியமும் கதிர்த்தொழிற்பாடுள்ள திரித்தியமும்) தங்கும் வினாவுக்கு வருகிறேன்.

மனனம் செய்வது எனக்கு வராது. மாரிமழைக்கு மின்சாரம் போன இரவுகளில், ஆரையம்பதி வீட்டில் மெழுகுதிரி வெளிச்சத்தில், நான் திரும்பத் திரும்பச் செய்தது ஒன்றுதான்: வரைதாளில் சக்தி வரிப்படம் கீறுவது. வெளியே உள்ள ஐதரசன் மூலக்கூற்றைப் பூச்சியக் கோட்டில் வையுங்கள். தங்குதனுள் கரைந்த அணு அதற்கு 1.04 இலத்திரன்வோற்று மேலே நிற்கும், அங்கிருந்து 0.39 உயரமுள்ள பரவல் அலைகள் (இரண்டும் ஃப்ரவுவன்ஃபெல்டர் 1969இல் வெளியிட்ட பெறுமானங்கள்). இடையிடையே வெற்றிடக்குறைகள் (பளிங்கில் அணு இல்லாத இடங்கள்) என்னும், ஐதரசனைப் பிடித்துவைக்கும் ஆழமான பொறிகள். கரைதல் அகவெப்பமானதால் சீரான பளிங்கில் மிகக் குறைவாகவே தங்கும் என்பதும், 14.1 மெகா இலத்திரன்வோற்று நியூத்திரன்கள் அணுக்களை இடம்பெயர்த்துப் பொறிகளைப் பெருக்கும்போது தங்கும் அளவு ஏறும் என்பதும் இந்த ஒரே படத்திலிருந்து வந்துவிடும்.

இனி, நான் அழுத்திச் சொல்ல விரும்பும் விடயம். வெப்ப விடுவிப்பு நிறமாலையை (மாதிரியைச் சீராகச் சூடாக்கும்போது வெளியேறும் வாயுவை வெப்பநிலைக்கு எதிரே காட்டும் வரைபை) தந்து, பொறிச்சக்தியை, அதாவது பொறியிலிருந்து அணு விடுபடத் தேவையான சக்தியை, கேட்பார்கள். கைமாறி வரும் ஒரு தட்டச்சுக் குறிப்பு, இன்ன வெப்பநிலையில் உச்சம் என்றால் இன்ன பொறி என்று அட்டவணையே போட்டுத் தருகிறது. அதை நம்பிப் புள்ளி இழந்தவர்களை நினைத்தால் இன்னும் கசக்கிறது. உச்சத்தின் இடம் வெப்பமேற்றும் வீதத்தைப் பொறுத்தது. பொறிச்சக்தி 1.5 இலத்திரன்வோற்று, முன்காரணி (அணு விடுபட முயலும் மீடிறன்) செக்கனுக்கு 10இன் 13ஆம் அடுக்கு, மீளச் சிக்குதல் இல்லை எனக் கொண்டு முதல்வரிசைச் சமன்பாட்டில் இட்டுப் பாருங்கள்: செக்கனுக்கு 1 கெல்வின் எனில் உச்சம் ஏறத்தாழ 535 கெல்வினில் வரும், 0.1 ஆக்கினால் 500 அளவுக்கு இறங்கும். உண்மை மாதிரியிலோ, வாவியில் ஒரு வலைக்குத் தப்பிய மீன் அடுத்த வலையில் படுவதுபோல, விடுபட்ட அணு வெளியேறும் வழியில் மீண்டும் சிக்குவதால், தடிப்பும் பொறிகளின் ஆழப் பரம்பலும் உச்சத்தை மேலும் நகர்த்தும். ஆகவே வீதம் தரப்படாவிட்டால் அதை எடுகோளாக எழுதிய பின்னரே கணியுங்கள்.

மற்றவை சுருக்கமாக:

– வெளியேறும் வாயுவை அளக்கும் திணிவு நிறமாலைமானியில் திணிவு 4இல் தியூத்தேரிய மூலக்கூறும் ஈலியமும் மேற்படியும். தியூத்தேரியம் சாதாரண ஐதரசனோடு சேர்ந்த மூலக்கூறாகவும் வெளியேறுவதால் திணிவு 3ஐயும் கூட்டுங்கள்.

– ஈலியம்-3 கற்றைகொண்டு செய்யும் அணுக்கருத் தாக்கப் பகுப்பாய்வு மேற்பரப்பிலிருந்து சில மைக்ரோமீற்றர் ஆழத்தையே காணும். வெப்ப விடுவிப்போ முழு மாதிரியையும் அளக்கும். இரு விடைகளும் வேறுபடுவது வழு அல்ல.

– திரித்தியத்தின் அரைவாழ்வு 12.3 ஆண்டு, பிரான்சில் கட்டப்படும் சர்வதேச இணைவு உலையான ஐற்றரின் கலத்தினுள் அதற்கான எல்லை 700 கிராம்.

வாய்மொழியில் என்னிடம் கேட்டது, காபன் சுவரை ஏன் கைவிட்டார்கள் என்பது. அரிக்கப்பட்ட காபன் திரித்தியத்தோடு சேர்ந்து மீளப் படியும் என்றேன். 2011இல் இங்கிலாந்திலிருந்த ஜெற் என்னும் பரிசோதனை இணைவு உலையின் சுவரை பெரிலியமும் தங்குதனுமாக மாற்றியபின் எரிபொருள் தங்குதல் பத்து மடங்குக்கும் மேல் குறைந்ததைச் சொன்னதும், ஐற்றர் 2023இல் முதற்சுவரையும் (பிளாஸ்மாவை நேரே எதிர்கொள்ளும் சுவர்) தங்குதனுக்கு மாற்றத் தீர்மானித்தது பற்றிய பேச்சைப் பரீட்சகர்களே தொடக்கிவைத்தார்கள்.