ரப்பரைக் கல்லாக்கும் கணக்கு

தூய கணிதம் படித்துவிட்டு கணக்கீட்டு இயந்திரவியலுக்குள் வந்தவன் நான். வந்த புதிதில் என்னை ரொம்பவே உறுத்திய விஷயம், இங்கே யாரும் நிரூபணத்துக்காகக் காத்திருப்பதில்லை என்பது. விமானக் கட்டமைப்புகளின் விறைப்பைக் கணக்கிட டர்னர், கிளஃப், மார்ட்டின், டாப் நால்வரும் 1956லேயே கட்டுரை எழுதிவிட்டார்கள், 1960ல் கிளஃப் அந்த முறைக்கு, அதாவது பொருளைச் சிறு துண்டுகளாக (எலிமென்ட்டுகளாக) பிரித்துக் கணக்கிடுவதற்கு, ஃபைனைட் எலிமென்ட் என்று பெயரும் வைத்துவிட்டார். அது எப்போது சரியான விடையை நெருங்கும், எவ்வளவு வேகத்தில் நெருங்கும் என்ற கோட்பாடோ பெரும்பாலும் அதற்குப் பிறகுதான் வந்தது. (கூரான்ட் என்ற கணிதவியலாளர் 1943லேயே பரப்பை முக்கோணங்களாகப் பிரித்துக் கணக்குப் போட்டுக் காட்டியிருந்தார் என்பது எனக்கு இன்றும் பெருமையான விஷயம்.)

என்னை இந்தத் துறையில் பிடித்து வைத்தது லாக்கிங், அதாவது கணக்கில் பொருள் பூட்டுப் போட்டதுபோல் இறுகிவிடும் கோளாறுதான். ரப்பரை அழுத்தினால் வடிவம் மாறும், கன அளவு கிட்டத்தட்ட மாறாது. பாய்சான் விகிதம் (ஒரு திசையில் இழுத்தால் குறுக்கே எவ்வளவு சுருங்கும் என்ற விகிதம்) 0.5ஐ ஒட்டி நிற்கும். இதைச் சாதாரண முக்கோண எலிமென்ட்டுகளில் போட்டால், ஒவ்வொரு முக்கோணமும் தன் அளவு மாறக்கூடாது என்று தனித்தனியே அடம்பிடிக்க, மெஷ் (இந்த முக்கோணங்களின் வலை) அசையவே வழியில்லாமல் போகும். ரப்பர் கல் மாதிரி நிற்கும். புரோகிராம் எந்தப் பிழையும் காட்டாது, வண்ணப்படம் அழகாக இருக்கும், இடப்பெயர்ச்சி மட்டும் இருக்க வேண்டியதில் ஒரு சிறு பங்குதான் இருக்கும்.

பொறியாளர்கள் இதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள்: ஒவ்வொரு எலிமென்ட்டிலும் செய்யும் தொகையிடலை (இன்டெக்ரேஷனை) குறைவான புள்ளிகளில் செய்வது. துல்லியத்தைக் குறைத்தால் விடை திருந்துகிறது! இதைக் கேட்டபோது எனக்குத் தூக்கமே வரவில்லை. அப்புறம்தான் மால்கஸும் ஹியூஸும் 1978ல் எழுதிய கட்டுரையைப் படித்தேன். குறை தொகையிடல் என்பது, அழுத்தத்தைத் தனி மாறியாக எடுத்துக்கொள்ளும் கலப்பு முறையின் மாறுவேடம் என்று அதில் காட்டியிருந்தார்கள். அப்படியென்றால் கணிதவியலாளர்கள் பாபுஷ்காவும் பிரெஸ்ஸியும் எழுபதுகளின் தொடக்கத்தில் தந்த நிபந்தனை இங்கேயும் பேசும்: இடப்பெயர்ச்சிக்கு ஈடு கொடுக்க முடியாத அளவுக்கு அழுத்தத்தின் வெளி (அழுத்தம் எடுக்கக்கூடிய வடிவங்களின் தொகுதி) பெரிதாக இருக்கக்கூடாது. மீறினால் அழுத்தம் சதுரங்கப் பலகை போல மாறி மாறித் துள்ளும். அந்தத் துள்ளலைப் பல வருடங்களாகப் பார்த்தவர்கள் பொறியாளர்கள், அதன் காரணத்தைச் சொன்னது அந்த நிபந்தனை என்ற ஒரு அசமன்பாடு. ஏன் வேலை செய்கிறது என்று தெரிந்தால்தான் எங்கே வேலை செய்யாது என்றும் தெரியும், இரண்டாவதுதான் என் வேலை.

மெஷ்ஷை நுணுக்கமாக்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்பவர்களிடம் பாபுஷ்கா முரணைச் சொல்வேன். விளிம்பில் சாதாரணமாகத் தாங்கப்பட்ட (விளிம்பு மேலே கீழே போகாது, ஆனால் சாயலாம்) வட்டத் தகட்டைப் பலகோணமாக எடுத்து, பக்கங்களைக் கூட்டிக்கொண்டே போனாலும், மெல்லிய தகட்டுச் சமன்பாட்டின் தீர்வு வட்டத்தின் தீர்வுக்குப் போய்ச் சேராது. வேறொரு விடைக்கு, மிக ஒழுங்காக, போய்ச் சேரும்.

கணக்கு தவறினால் விளைவு என்ன என்று கேட்டால் ஸ்லைப்னர் ஏ. 1991 ஆகஸ்ட் 23 அன்று நார்வேயில் அந்த எண்ணெய் மேடையின் கான்கிரீட் அடித்தளம் சோதனையின்போதே மூழ்கியது. ஃபைனைட் எலிமென்ட் கணக்கில் வெட்டுத் தகைவு (பொருளின் பகுதிகளை ஒன்றன்மேல் ஒன்று சறுக்க வைக்கப் பார்க்கும் உள்விசையின் அளவு) 47 சதவீதம் குறைவாக மதிப்பிடப்பட்டிருந்தது, சுவர் மெல்லியதாகிவிட்டது. உயிர்ச்சேதம் இல்லை.

அன்றாட வேலை என்று பார்த்தால் தேற்றத்தை விடச் சோதனைதான் அதிகம். விடையை முதலில் நாமே தேர்ந்தெடுத்து, அதற்கு எந்த விசை வேண்டும் என்று பின்னோக்கிக் கணக்கிட்டு, அதைப் புரோகிராமுக்குக் கொடுப்போம். மெஷ் அளவைப் பாதியாக்கினால் நேரியல் எலிமென்ட்டில் இடப்பெயர்ச்சியின் பிழை நாலில் ஒன்றாக வேண்டும். மூன்றில் ஒன்றாகக் குறைந்தால் பலர் 'பரவாயில்லை, குறைகிறதே' என்பார்கள். எனக்கு அது போதாது, எங்கோ ஒரு விளிம்பு நிபந்தனை தப்பாகவோ ஒரு மூலையில் தீர்வு கூர்மையாகவோ இருக்கிறது, அதைக் கண்டுபிடிக்க வாரக்கணக்கில் ஆனாலும் சரி.

இப்போது என் நேரமெல்லாம் பெரிய உருமாற்றங்களில் போகிறது. சிறு திரிபில் நிலையாக இருக்கும் என்று நிரூபித்த அதே எலிமென்ட், ரப்பரை நன்றாக இழுத்தால் நிலைகுலையலாம். நேரியல் கோட்பாடு அங்கே உத்தரவாதம் தராது. எந்த அளவு இழுப்பு வரை நம்பலாம் என்று ஒரு எல்லையையாவது சொல்ல வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.