சிபாப் மாஸ்க் புதுசா மாத்துறவங்களுக்கு

மதுரைக்காரங்க யாராவது சிபாப் (தூக்கத்துல மூச்சு தடைபடுறவங்களுக்கு மாஸ்க் வழியா காத்தை அழுத்தி அனுப்புற மெஷின்) மாஸ்க் மாத்துறீங்கன்னா, உட்கார்ந்து மாட்டிப் பார்த்து அளவு சொல்லாதீங்க. படுத்தா கன்னச் சதை சரியும், மாஸ்க் உட்கார்ற விதமே மாறும். படுத்துக்கிட்டு, மெஷினை ஓடவிட்டு, அப்புறம் வாரைச் சரிபண்ணுங்க.

காத்து கசிஞ்சா எல்லாரும் செய்றது வாரை இறுக்குறது. அதுதான் தப்பு. இறுக்கினா சிலிக்கான் குஷன் மடங்கி இன்னும் கசியும், மூக்குத்தண்டு புண்ணாகும். வாரைத் தளர்த்தி, மாஸ்க்கை முகத்துலேருந்து லேசா முன்னால இழுத்து விடுங்க. குஷன் காத்துல உப்பித் தானா உட்காரும். முன்பக்கச் சின்ன ஓட்டைகள்ல வர்ற காத்து கசிவு இல்லை, நாம விடுற மூச்சு வெளியேற வழி. அதை அடைக்கவே கூடாது. கண்ணுக்கு அடிக்கிற காத்துதான் கசிவு.

மூக்கு மாஸ்க்லேருந்து முழுமுக மாஸ்க்குக்கு (மூக்கையும் வாயையும் சேர்த்து மூடுறது) மாறினா, மெஷின் மெனுவுல மாஸ்க் வகை இருந்தா அதையும் மாத்தணும். பலர் மறக்கிறது இது.

படுக்குமுன் முகத்து எண்ணெய்ப் பிசுக்கைக் கழுவிடுங்க. குஷனைத் தினமும் மென்மையான சோப்புல கழுவி நிழல்ல காயவைங்க. நம்ம ஊர் வெயில்ல போட்டா சிலிக்கான் போச்சு. ஈரப்பதத் தொட்டிக்கு டிஸ்டில்டு வாட்டர்தான், போர் தண்ணி ஊத்தினா உப்புப் படியும். ஏசி ரூம்ல குழாய்க்குள்ள தண்ணி கொப்புளிக்குதா? ஈரப்பத அளவை ஒரு படி குறைங்க.

மூச்சு முட்டுதுன்னு பயப்படுறவங்க பகல்ல டிவி பார்க்கும்போது அரைமணி நேரம் போட்டுப் பழகலாம். பேஸ்மேக்கர் இருக்கிறவங்க காந்த கிளிப் வச்ச மாஸ்க் பக்கமே போகாதீங்க.