சிவாஜிநகர் மாதாவிடம் கொடுத்த சீட்டு

ஆகஸ்ட் 29ஆம் தேதி மாதா கோவிலில் கொடி ஏறிவிட்டால் பெங்களூர் சிவாஜிநகரின் முகமே மாறிவிடும். பேருந்து நிலையத்தில் இறங்கும்போதே காவிச் சேலைகள் கண்ணில் படும். வேளாங்கண்ணிக்கு நேர்ந்துகொண்டவர்கள் உடுத்துவது போலவே இங்கும் ஆரோக்கிய மாதாவுக்கு நேர்ந்துகொண்டவர்கள் காவி உடுத்துகிறார்கள். கைக்குழந்தைக்குக்கூட காவித் துணியில் சட்டை தைத்துப் போட்டுக் கொண்டுவருவார்கள். செப்டம்பர் 8 மாதாவின் பிறந்தநாள். அன்றைக்குத் தேர். அதற்கு முந்தைய ஒன்பது நாட்களும் நவநாள் ஜெபம். தமிழிலும் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் திருப்பலிகள் நடந்துகொண்டே இருக்கும். தமிழ்ப் பூசைக்குத் தாமதமாகப் போனால் உள்ளே கால் வைக்க இடம் இருக்காது. வெளியே வெயிலில் நின்று, ஒலிபெருக்கியில் வரும் குரலைக் கேட்டுத்தான் பதில் ஜெபம் சொல்ல வேண்டும்.

புனித மரியன்னை பேராலயம் என்பது எழுத்தில் உள்ள பெயர். நாங்கள் எல்லாரும் சொல்வது சிவாஜிநகர் மாதா கோவில். பெங்களூரின் மிகப் பழமையான கத்தோலிக்கக் கோவில்களில் ஒன்று இது. செஞ்சிப் பக்கமிருந்து பிழைப்புத் தேடி வந்து குடியேறிய தமிழ்க் கிறிஸ்தவர்களுக்காக முதலில் ஒரு சிறிய கூரைக் கோவில்தான் இருந்தது. பிறகு 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரெஞ்சு மிஷனரி அபே துபுவா இங்கே ஒரு சிற்றாலயம் எழுப்பினார். மைசூர் சீமையில் அம்மைத் தடுப்பு ஊசியை மக்களிடம் கொண்டுசேர்க்கப் பாடுபட்டவர் அவர். கன்னடக்காரர்கள் அவரை ‘தொட்ட சுவாமி’ (பெரிய சுவாமி) என்று மரியாதையாக அழைத்தார்கள். இன்றைக்கு நாம் பார்க்கும் உயரமான கோதிக் கோவில் 1882இல் கட்டி முடிந்தது. அந்தக் கூரிய வளைவுகளுக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் வண்ணக் கண்ணாடி ஜன்னல்கள் தெரியும். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அவற்றைக் கழற்றி வைத்துவிட்டு, 1947இல் மறுபடியும் பொருத்தியிருக்கிறார்கள். குண்டு விழுமோ என்று பயந்த ஊர், ஜன்னலைக் கழற்றிவிட்டு வெறும் சுவருக்குள் உட்கார்ந்து ஜெபமாலை சொன்ன அந்த வருடங்களை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். 1898இல் பிளேக் வந்து பெங்களூரே ஆடிப்போனபோது ஜனங்கள் இந்த ஆரோக்கிய மாதாவின் காலடியில் வந்து விழுந்ததைப் பாட்டிமார் சொல்லக் கேட்டிருக்கிறேன். கொள்ளைநோய், போர், பஞ்சம் பிழைக்க வந்த கூட்டம் என்று எவ்வளவோ அழுகையைக் கேட்ட சந்நிதி இது.

அப்படிப்பட்ட இடத்தில் போய் நான் வீட்டு லீஸ் பணத்தைப் பற்றி முறையிட நின்றேன்.

லீஸ் என்பது வெளியூரில் இருக்கிறவர்களுக்குப் புதிதாக இருக்கலாம். பெங்களூரில் சம்பளக்காரக் குடும்பங்கள் நிறையப் பேர் இப்படித்தான் குடியிருக்கிறார்கள். மொத்தமாக ஒரு தொகையை வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட வேண்டும். மாத வாடகை கிடையாது. ஒப்பந்தம் முடிந்து காலி செய்யும்போது கொடுத்த பணம் முழுதும் திரும்ப வர வேண்டும். நாங்கள் லிங்கராஜபுரத்தில் அப்படி ஒரு வீட்டில் இருந்தோம். கொடுத்திருந்த பணம், என் கணவரின் பங்காக வந்த நிலத்தை விற்ற காசு. ஒப்பந்தம் முடிந்தது. வேறு வீடும் பார்த்தாயிற்று. வீட்டுக்காரரோ, “அடுத்த ஆள் லீசுக்கு வரட்டும், அந்தப் பணம் வந்ததும் தருகிறேன்” என்றார். அடுத்த ஆள் வரவில்லை. பார்த்து வைத்த வீடும் கைநழுவிப் போனது.

அதே சமயத்தில் அம்மாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை. ஒரு கண்ணுக்காவது சீக்கிரம் அறுவை செய்ய வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். மகள் இரண்டாம் பியுசி, அதாவது பன்னிரண்டாம் வகுப்பு; கணக்குப் பாடம் என்றாலே முகம் சுண்டிப்போகும். ஒவ்வொன்றும் எந்த வீட்டிலும் இருக்கிற பிரச்சினைதான். எல்லாம் சேர்ந்து ஒரே தலையில் உட்கார்ந்தால்தான் பாரம் தெரியும். ராத்திரி படுத்தால் வீட்டுக்காரரோடு மனசுக்குள்ளேயே வாக்குவாதம் ஓடும். அவர் இப்படிச் சொன்னால் நான் அப்படிச் சொல்வேன் என்று விடியும் வரைக்கும் பேசிக்கொண்டே கிடப்பேன். இத்தனைக்கும் தினமும் ஜெபமாலை சொல்லுகிற வீடு எங்களுடையது.

நவநாளில் ஒருநாள் சாயங்காலத் தமிழ்ப் பூசைக்குத் தனியாகக் கிளம்பிப் போனேன். ரசல் மார்க்கெட் பக்கம் வழக்கம்போல நெரிசல். பழக்கடை, மீன்கடை வாசனை, அந்திநேரத் தொழுகைக்கான பாங்கு, அதற்குள்ளே நம் கோவில் மணி. இது எல்லாமே சேர்ந்துதான் எனக்குச் சிவாஜிநகர். கோவிலுக்கு வெளியே மெழுகுவர்த்திக் கடைகள். சேலை உடுத்திய மாதா சொரூபத்தின் முன்னால் வரிசை நீண்டு கிடந்தது. எங்கள் மாதா இங்கே சேலைதான் உடுத்தியிருப்பார். நேர்த்திக்கடனாகச் சேலை வாங்கிச் சார்த்துகிறவர்கள் இருக்கிறார்கள். நம் வீட்டுப் பெரியவர்களில் ஒருவர் போல நின்றுகொண்டிருக்கும் அந்தக் கோலத்தைப் பார்த்தாலே எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும்.

விண்ணப்பப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று சீட்டு எழுதத் தொடங்கினேன். “மாதாவே, வீட்டுக்காரர் மனசு மாற வேண்டும், இந்த மாதக் கடைசிக்குள் பணம் முழுதும் கைக்கு வர வேண்டும், அதே தெருவில் கீழ்த்தளத்தில் வீடு கிடைக்க வேண்டும்” என்று வளர்ந்துகொண்டே போனது. அப்போது காவிச் சேலை கட்டிய ஒரு பாட்டி என் முழங்கையைத் தொட்டார்.

“கண்ணு, எனக்கும் ஒரு சீட்டு எழுதிக் குடேன். எழுதத் தெரியாது.”

பூக்கட்டி விற்கிறவர் என்று பேச்சில் தெரிந்தது. சரி சொல்லுங்க பாட்டி என்றேன்.

“முட்டி வலிக்குது. எழுதிட்டியா? பேரனுக்கு வேலை இல்ல. அப்புறம், பூ விக்கற இடத்துல ரோடு தோண்டிட்டாங்க, நிக்க எடம் இல்ல.”

எழுதிவிட்டுக் காத்திருந்தேன். பாட்டி ஒன்றும் சொல்லவில்லை. “என்ன வேணும்னு எழுதட்டும் பாட்டி? வலி தீரணும், பேரனுக்கு வேலை கிடைக்கணும்னு போடட்டுமா?”

“வேணாம் கண்ணு. இல்லேன்னு சொன்னா போதும். எப்படிங்கறது அவங்க பாடு. மகன்கிட்ட எப்படிப் பேசணும்னு மாதாவுக்குத் தெரியாதா?”

சீட்டை மடித்து வாங்கி, நெற்றியில் ஒற்றிக்கொண்டு பெட்டியில் போட்டார். பிறகு மெழுகுவர்த்தி வரிசைக்குப் போய்விட்டார். நான் என்னுடைய சீட்டைப் பார்த்தேன். பிறகு இன்னொரு தாள் எடுத்து, “லீஸ் பணம் வரவில்லை. அம்மாவுக்குக் கண் தெரியவில்லை. பிள்ளைக்குக் கணக்கு பயமாக இருக்கிறது” என்று மட்டும் எழுதிப் போட்டேன்.

திரும்பும்போது பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்த பிறகுதான் கானா ஊர்க் கல்யாணம் நினைவுக்கு வந்தது. யோவான் நற்செய்தி இரண்டாம் அதிகாரம், நவநாளில் எத்தனையோ முறை கேட்ட வாசகம். கல்யாண வீட்டில் திராட்சை இரசம் தீர்ந்துபோகிறது. பிளேக்கோ போரோ இல்லை, பந்தியில் வந்த ஒரு குறை. பெண் வீட்டுக்கும் மாப்பிள்ளை வீட்டுக்கும் மானம் போகிற விஷயம், அவ்வளவுதான். மாதா, அதாவது மரியாள், மகன் இயேசுவிடம் போய், அவர்களிடம் இரசம் தீர்ந்துவிட்டது என்கிறார். வரவழைத்துக் கொடு என்று சொல்லவில்லை, யாரிடம் கடன் கேட்கலாம் என்று யோசனை சொல்லவில்லை. என் நேரம் இன்னும் வரவில்லை என்று மகன் சொன்ன பிறகும் வற்புறுத்தவில்லை. பணியாளரைப் பார்த்து, அவர் சொல்வதைச் செய்யுங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறார். பூக்காரப் பாட்டி எனக்கு எழுதச் சொன்னதும் இதே ஜெபம்தான். வாசகத்தைப் படித்திருப்பாரோ, கேட்டுக் கேட்டு ஊறியிருக்குமோ, மாதாவிடம் எப்படிப் பேச வேண்டும் என்று பாட்டிக்குத் தெரிந்திருந்தது.

அந்த வாசகத்தில் எனக்கு இன்னொரு இடமும் பிடிக்கும். ஆறு கல்தொட்டிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் இரண்டு மூன்று குடம் கொள்ளும் என்று நம் மொழிபெயர்ப்பில் இருக்கும். அந்தக் காலத்து அளவைப் பார்த்தால் ஒரு தொட்டிக்கு ஏறத்தாழ 80 முதல் 120 லிட்டர். பணியாளர் அத்தனையையும் விளிம்பு வரை நிரப்பினார்கள். 2024 கோடையில் பெங்களூரில் ஆழ்துளைக் கிணறுகள் வற்றி, டேங்கருக்குக் காத்திருந்து குடம் குடமாக மாடிக்குத் தூக்கியவர்களுக்கு அது எவ்வளவு பெரிய வேலை என்று தெரியும். புதுமை ஆண்டவருடையது. தண்ணீர் தூக்கியது மனுஷர்கள். கவலையை ஆண்டவரிடம் விடுவது என்றால் கையைக் கட்டிக்கொண்டு உட்காருவது என்று சிலர் நினைக்கிறார்கள். அதை நான் ஏற்பதில்லை. விடிய விடிய வாக்குவாதம் செய்து தீர்ந்துபோகும் தெம்பு மிச்சமாகும், அதை எடுத்துக்கொண்டு குடத்தைத் தூக்கலாம்.

அன்றைக்கு ராத்திரி தூங்கினேன். பணம் வரவில்லை, எதுவும் மாறவில்லை, ஆனாலும் தூங்கினேன். காலையில் எழுந்ததும் முத்திரைத்தாள் ஒப்பந்தத்தையும், வங்கி வழியாகப் பணம் அனுப்பியதற்கான விவரங்களையும் தேடி எடுத்து நகல் போட்டோம். எங்கள் தெருவில் இரண்டு வீட்டாருக்கும் பழக்கமான பெரியவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு நானும் கணவரும் வீட்டுக்காரரிடம் போனோம். மனசுக்குள் ஒத்திகை பார்த்து வைத்திருந்த எந்த வாக்குவாதத்தையும் நான் பேசவில்லை. இரண்டு பிள்ளைகளின் படிப்புக்கு எங்கள் பணத்தைச் செலவழித்துவிட்டதாக அவரே சொன்னார். அவருக்கும் ராத்திரித் தூக்கம் இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. பாதித் தொகையைப் புரட்டித் தந்தார். மீதியைத் தேதி போட்டு எழுதிக் கையெழுத்திட்டார். அந்த மீதி கொஞ்சம் கொஞ்சமாக வந்துகொண்டிருக்கிறது, முழுதும் இன்னும் வரவில்லை. அம்மாவின் ஒரு கண் தெளிந்துவிட்டது. கணக்குப் பாடம் பற்றி இப்போதைக்கு ஒன்றும் சொல்வதற்கில்லை, பிள்ளை உட்கார்ந்து போட்டுப் பார்க்கிறாள்.

தேர் அன்றைக்கு எல்லாருமாகப் போனோம். மாலையில் தேர் கோவிலை விட்டு வெளியே வரும்போது சிவாஜிநகர்த் தெருக்களில் நிற்கிற கூட்டத்தில் யார் எந்த மதம் என்று பிரித்துப் பார்க்க முடியாது. கடையை விட்டு இறங்கி வந்து நிற்கும் முஸ்லிம் வியாபாரிகள், பிள்ளையைத் தோளில் தூக்கிப் பூ வீசச் சொல்லும் இந்துத் தாய்மார்கள், “மரியே வாழ்க” என்று தொண்டை கட்டும் வரை கத்துகிற எங்கள் பையன்கள். அம்மா அறுவை செய்த கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, என் கையைப் பிடித்தபடி நின்றார். தேரில் மாதாவுக்குச் சார்த்தியிருந்த சேலையின் கரை என்ன நிறம் என்று அவரே எனக்குச் சொன்னார். அந்தக் கூட்டத்தில் பூக்காரப் பாட்டியைத் தேடினேன், பார்க்க முடியவில்லை. பாட்டியின் முட்டிக்கும் பேரனுக்கும் அந்த ரோட்டுக்கும் சேர்த்து ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினேன்.

போக நினைக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. சிவாஜிநகர் பேருந்து நிலையத்திலிருந்து நடந்தே போய்விடலாம். நவநாள் நாட்களில் வண்டி எடுத்துக்கொண்டு போகாதீர்கள், நிறுத்த இடம் கிடைக்காது. பூசை நேரம் மொழிக்கு மொழி மாறும், வாசலில் எழுதியிருப்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள். தேர் அன்று வயதானவர்களைக் கூட்டிப்போனால் வெளிச்சம் இருக்கும்போதே போய் ஓரமாக இடம் பிடித்துவிடுங்கள். சீட்டு எழுதப் பேனாவும் நாலைந்து தாளும் கையோடு கொண்டுபோங்கள், எழுதத் தெரியாத யாராவது வந்து கேட்பார்கள்.